ஆளுக்கொரு பார்வை இருக்கும்போது ஒரு பிள்ளைக்குக் கல்வித் திட்டம் எழுதுவது எப்படி?

மாற்றுத்திறனாளிப் பிள்ளை ஒருவருக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுத வேண்டும் என்றதும் பலரும் முதலில் படிவத்தைத்தான் எடுக்கிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி யார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் எழுதிய திட்டம் கோப்பிலேயே இருந்துவிடும், வகுப்பறைக்குள் போகாது. டாக்டர் ஒன்று சொல்வார், அம்மா ஒன்று சொல்வார், வகுப்பாசிரியர் வேறொன்று சொல்வார். யாரும் பொய் சொல்வதில்லை, அவரவர் பார்த்ததைச் சொல்கிறார்கள். இத்தனை பேச்சையும் ஒரு தாளில் கொண்டுவந்து, திங்கட்கிழமை வகுப்பில் என்ன செய்வது என்று முடிவு செய்வதுதான் நம் வேலை.

நான் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். அரசுப் பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வருவேன். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீட்டில் போய்ப் பார்ப்பேன். இந்த வழியை விளக்க மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்கிறேன். மூளை முடக்குவாதம். வலது கையும் இரண்டு கால்களும் இறுக்கமாக இருக்கும். பேச்சு குழறும், பழகியவர்களுக்குத்தான் புரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான்.

யார் எங்கே கோளாறு என்கிறார்கள்?

கரும்பலகையில் எழுதிப்போட்டதை அவன் எழுதி முடிப்பதில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்ட உண்மை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விளக்கம். கை இறுக்கம் குறைந்தால் எழுதுவான், பயிற்சியைக் கூட்டுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். "முதல்ல நடக்கட்டும் டீச்சர், படிப்பு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அம்மா. பாட்டி பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தார். வகுப்பாசிரியர், பாவம், அவனை எதற்குச் சிரமப்படுத்த வேண்டும் என்று எழுதவே சொல்லாமல் விட்டிருந்தார். சிறப்புப் பள்ளிதான் இவனுக்கு ஏற்றது என்றார் தலைமையாசிரியர்.

இவற்றின் அடியில் இருப்பது மூன்று நான்கு பழைய பார்வைகள்தான். குறை உடம்பில் இருக்கிறது, உடம்பைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்பது மருத்துவப் பார்வை. இரக்கப் பார்வை, பாவம் என்று சொல்லி எதையும் எதிர்பார்க்காமல் விட்டுவிடும். மூன்றாவது சமூகப் பார்வை. 1976-ல் இங்கிலாந்தில் உடல் குறைபாடு உள்ளவர்களே நடத்திய ஒரு சங்கம், எங்கள் உடம்பு எங்களை முடக்கவில்லை, எங்களை மனதில் வைக்காமல் கட்டிய சமுதாயம்தான் முடக்குகிறது என்று எழுதி வைத்தது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த பேராசிரியர் மைக் ஆலிவர் 1980களில் அதைச் சமூக மாதிரி என்று வகுத்துச் சொன்னார். ஐ.நா. 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இன்னும் ஒரு படி மேலே போய், இதை உரிமை என்கின்றன.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். நான் தடையைத்தான் முதலில் தேடுவேன். கரும்பலகையைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் எழுதி முடிக்க வேண்டும் என்று விதித்தது யார்? பாடம் புரிந்ததா என்று அறிய வேறு வழியே கிடையாதா? ஆனால் சமூகப் பார்வையைப் படித்துவிட்டு வரும் சில இளைஞர்கள் பிசியோ எல்லாம் தேவையில்லை என்று பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இறுகிய தசை வலிக்கும். நீட்டி விடாமலே போனால் மூட்டு மடங்கியபடி நின்றுவிடும். சாய்தளம் கட்டினால் அந்த வலி போகாது. அதனால் ஒரு பார்வை ஜெயிக்க வேண்டும் என்று உட்காராதீர்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இதன்படி வகுப்பில் யார் எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவப் பார்வை பிள்ளையை மட்டும் மாறச் சொல்லும். இரக்கப் பார்வை யாரையும் மாறச் சொல்லாது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெளிந்துவிடும்.

கூட்டத்துக்கு முன்னால் தனித்தனியாகக் கேளுங்கள்

எல்லோரையும் ஒரே நாளில் ஒரே அறையில் உட்கார வைத்தால் தலைமையாசிரியரும் நாமும்தான் பேசுவோம். அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால் முதலில் வீட்டுக்குப் போங்கள்.

அம்மாவிடம் "என்ன பிரச்சினை?" என்று ஆரம்பிக்க வேண்டாம். அதை அவர் எத்தனையோ ஆஸ்பத்திரியில் சொல்லிச் சலித்திருப்பார். காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும் வரை அவன் தானாகச் செய்வது எது, நீங்கள் செய்துவிடுவது எது என்று கேளுங்கள். இந்தப் பையனின் அம்மா சொல்லித்தான், அவன் இடது கையால் டி.வி. ரிமோட்டை லாவகமாக அமுக்குவான் என்று தெரிந்தது. பள்ளியில் எழுத வைக்கப் பார்த்தவர்கள் எல்லோரும் வலது கையிலேயே பென்சிலைத் திணித்துக்கொண்டிருந்தோம். நடந்தால்தான் படிப்பு என்று அவர் நினைப்பதற்கும் காரணம் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவது அவர்தான். அவர் முதுகைப் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பேசிய பிறகுதான் படிப்பைப் பற்றிப் பேச முடிந்தது.

பாட்டியின் நேர்த்திக்கடனோடு சண்டை போடாதீர்கள். அவனுக்குச் சோறு ஊட்டுவதும் கதை சொல்வதும் அவர்தான். "நேர்ந்தது நேர்ந்தபடி இருக்கட்டும் பாட்டி, அதுவரைக்கும் அவன் தானா சாப்பிடப் பழகட்டுமா?" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். முன்வினை, பாவம் என்று பேச்சு போனால் மட்டும் நான் நிறுத்திவிடுவேன். அதைப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இது கருவிலோ பிறப்பின்போதோ பிறந்த கொஞ்ச நாளிலோ மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு, அம்மா செய்த தவறு கிடையாது என்று அங்கேயே தெளிவாகச் சொல்லுங்கள். மாமியார் முன்னால் இதைச் சொல்வது அந்த அம்மாவுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று நேரில் பார்த்தால்தான் தெரியும்.

வகுப்பாசிரியரிடம், ஒரு நாளில் எந்த நேரம் உங்களுக்கு ரொம்பச் சிரமம் என்று கேளுங்கள். இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாகச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கவே அவர்களுக்கு நேரம் பத்தாது. அவர்கள் கஷ்டத்தைக் கேட்காமல் போடும் திட்டம் நடக்காது. தலைமையாசிரியர் சிறப்புப் பள்ளி என்று சொன்னால், உள்ளே என்ன பயம் என்று தோண்டுங்கள். கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது, விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்பதுதான் பெரும்பாலும். அதற்கு வழி சொல்லிவிட்டால் பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள்.

சத்துணவு அக்காவை விட்டுவிடாதீர்கள். எந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது, எது விழுங்கச் சிரமம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பிள்ளையிடம் கேட்பது

இதைத்தான் அதிகமாக விட்டுவிடுகிறோம். பேச்சு புரியாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று நினைக்கிறோம். கேட்க முறை இருக்கிறது.

முதலில் 'ஆமாம்', 'இல்லை' இரண்டுக்கும் அவனிடம் ஏற்கெனவே ஓர் அடையாளம் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். கண்ணை மேலே தூக்குவான், அல்லது முகத்தைத் திருப்புவான். அம்மாவுக்கு அது தெரியும். பதில் நிச்சயமாகத் தெரிந்த கேள்விகளைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் படங்கள். பள்ளியில் உள்ள இடங்களையும் ஆட்களையும் போனில் படம் பிடித்துக் காட்டினாலே போதும். ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அவசரப்படுத்தினால் தசை இன்னும் இறுகும், பதில் வராது. முக்கியமாக, அம்மாவையோ டீச்சரையோ அவனுக்காகப் பதில் சொல்ல விடாதீர்கள்.

இந்தப் பையன் சொன்னதில் இரண்டு விஷயம் யாருடைய பட்டியலிலும் இல்லை. டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் தனி நாற்காலியில் உட்காருவது அவனுக்குப் பிடிக்கவில்லை. நண்பனுக்குப் பக்கத்தில் இடம் வேண்டும். விளையாட்டு நேரத்தில் பிசியோவுக்குக் கூட்டிப்போவதும் பிடிக்கவில்லை. எல்லோரும் வெளியே ஓடும் நேரத்தில் அவனை மட்டும் உள்ளே படுக்க வைத்துக் காலை நீட்டிக்கொண்டிருந்தோம். பயிற்சி நல்லதுதான். ஆனால் விளையாட்டைப் பறித்துத்தான் அதைக் கொடுக்க வேண்டுமா? பிசியோ முகாம் நடக்கும் நாளை மாற்ற முடியவில்லை, நேரத்தை மட்டும் காலைக்குத் தள்ளினோம்.

நீங்களே உட்கார்ந்து பாருங்கள்

ஒரு முழுக் காலைப் பொழுது வகுப்பின் பின்னால் உட்காருங்கள். எழுதும்போது 'முடியாது', 'வராது' என்ற சொற்களைத் தவிர்த்து, எந்த நிலையில், எவ்வளவு நேரம், யார் உதவியோடு என்று எழுதுங்கள். 'எழுத முடியாது' என்ற வரியை வைத்துக்கொண்டு நாளை செய்ய ஒன்றும் இல்லை. 'கால் தரையில் பதியாத நாற்காலியில் இரண்டு சொல் எழுதிவிட்டுச் சரிந்துவிடுகிறான்' என்று எழுதினால், என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரியே சொல்லும்.

உட்காரும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவே இல்லாமல் பெரிய மாற்றம் வருவது இதில்தான். பாதம் இரண்டும் முழுதாகப் பதிய வேண்டும். எட்டவில்லை என்றால் கீழே ஒரு மரப்பலகை போடுங்கள். இடுப்பு நாற்காலியின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். முன்னால் வழுக்கினால் உட்காரும் இடத்தில் சொரசொரப்பான துணியோ ரப்பர் விரிப்போ போடலாம். மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். மேசை விளிம்பில் அரைவட்டமாக வெட்டிவிட்டால் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொள்வான். ஊர்த் தச்சரே செய்து தருவார். உடம்பு விழாமல் நிற்கப் பாடுபடும் பிள்ளைக்குக் கையை ஆளத் தெம்பு மிஞ்சாது. உடம்பைத் தாங்கிவிட்டால் கை கொஞ்சம் விடுபடும். பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பருமனாக்குங்கள், தாளை டேப் போட்டு மேசையில் ஒட்டிவிடுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கென்றே செய்த சி.பி. நாற்காலி கிடைத்தால் நல்லது. ஆனால் அது வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இங்கே மருத்துவப் பார்வையும் சமூகப் பார்வையும் ஒன்றாக வேலை செய்வதைப் பாருங்கள். எந்தக் கோணத்தில் உட்கார வைப்பது என்று சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். மாறியதோ நாற்காலியும் மேசையும்.

கூட்டம்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் சான்றிதழும் இருக்கும் கோப்பைக் கூட்டத்தில் முதலில் திறக்காதீர்கள். அதில் இருக்கும் சதவீதம் உதவித்தொகைக்கும் சலுகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் அளந்தது. 40 சதவீதம் என்பது அரசு வைத்த எல்லைக்கோடு. 60 சதவீதம் என்று இருப்பதால் பாடத்தில் 40 சதவீதம்தான் புரியும் என்று அர்த்தமில்லை. இப்படிப் பேசிய படித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா முதலில் பேசட்டும், அடுத்தது வகுப்பாசிரியர், கடைசியில் நாம். பையனும் அங்கே இருக்கட்டும். ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் எல்லோரும் ஒப்புக்கொண்டது. இரண்டாவதில் கருத்து வேறுபடுவது, யார் என்ன சொன்னார் என்பதோடு. மூன்றாவதில் அதைச் சோதித்துப் பார்க்க என்ன செய்யலாம் என்பது. கருத்து வேறுபாட்டை மழுப்பாமல் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அது வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் தொடரும், திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டவரே அதைச் செய்யமாட்டார்.

இலக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். இவனுக்கு எழுதியது: பாடக் குறிப்பில் ஐந்து சொல் மட்டும் தானே எழுதி, மீதிக்குச் சொல் அட்டையை எடுத்து வைப்பது, சூழ்நிலையியல் பாடத்தில் வாய்மொழியாலும் படத்தைத் தொட்டும் பதில் சொல்வது, நண்பன் துணையோடு கைப்பிடியைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போய்வருவது. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதினோம். கைப்பிடிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு பொறுப்பேற்றது. ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால், எழுத வைக்காதீர்கள் என்றவருக்கும் எழுதியே ஆக வேண்டும் என்றவருக்கும் பார்த்துச் சொல்ல ஏதாவது இருக்கும்.

தொடர்புப் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. படங்கள் ஒட்டிய அந்த அட்டையைச் சிறப்பாசிரியர் வரும் நாளில் மட்டும் எடுத்தால் பயனில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகளும் அதைத் தொட்டுப் பேசப் பழக வேண்டும். பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பழகிவிடுவார்கள்.

சோதித்துத் தீராத வேறுபாடுகள்

சில விஷயங்களில் ஆறு வாரச் சோதனை உதவாது. செவித்திறன் குறைந்த பிள்ளைக்குச் சைகை மொழியா, பேச்சுப் பயிற்சியா என்பது அப்படி ஒன்று. 1880-ல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு பேச்சு முறையே மேல் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு பல நாடுகளில் வகுப்பறையிலிருந்து சைகை மொழி விரட்டப்பட்டது. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை, அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது ஆண்டு. இடையில் எத்தனை பிள்ளைகள் எந்த மொழியும் முழுதாக இல்லாமல் வளர்ந்திருப்பார்கள்! செவிக்கருவியோ, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியோ பொருத்திய பிள்ளை சைகை கற்றால் பேச்சு வராது என்று பெற்றோருக்குச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தத் தேவையில்லை என்பதே என் எண்ணம். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்று: நேற்று நடந்ததை இந்தப் பிள்ளையால் யாரிடமாவது முழுதாகச் சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் காத்திருக்க நேரமில்லை, சைகையை உடனே ஆரம்பியுங்கள். முடிந்தால் காது கேளாத பெரியவர் ஒருவரைப் பெற்றோர் சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள். டாக்டரும் நாமும் சொல்ல முடியாததை அவர் சொல்வார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை கையை உதறுவதையும் ஆடுவதையும் நிறுத்தப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்பார்கள். இதனால் யாருக்குத் தீங்கு என்று முதலில் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், அது தங்களை அமைதிப்படுத்துகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பார்ப்பவருக்குச் சங்கடம் என்பது மட்டும் காரணமானால் விட்டுவிடுங்கள். தலையை முட்டிக்கொள்வது வேறு. அங்கே பல்வலியா, காதுவலியா, மணி அடிக்கும் சத்தமா என்று காரணத்தைத் தேட வேண்டும்.

சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா? 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை தருகிறது. தேர்வு குடும்பத்துடையது. இரண்டையும் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், இடைவேளை நேரத்தில் போகச் சொல்லுங்கள். வீட்டுவழிக் கல்வியில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். கடுமையான குறைபாடும் பன்முகக் குறைபாடும் உள்ளவர்களுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் அதை ஒரு வாய்ப்பாகத் தந்தது. பள்ளியில் சாய்தளமும் கழிப்பறையும் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையை அந்தப் பதிவேட்டில் சேர்ப்பது அநியாயம். வீட்டில் இருப்பதற்கான காரணத்தை எழுத்தில் எழுதுங்கள். காரணம் கட்டடம் என்றால், சரிசெய்ய வேண்டியது கட்டடம்.

சட்டத்தை எப்போது எடுப்பது

பேசித் தீரும்வரை பேசுங்கள். சேர்க்கை மறுத்தாலோ, சின்ன மாற்றம்கூட முடியாது என்றாலோ 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவைக் காட்டுங்கள். பாகுபாடின்றிச் சேர்க்கவும், பிள்ளைக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்து தரவும் அது சொல்கிறது. 2021-ல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்வில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதித் தருபவரின் உதவியை 40 சதவீதம் என்ற வரம்பைக் காட்டி மறுக்க முடியாது என்றது. அதே ஆண்டு இன்னொரு வழக்கில், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கும் மேல் வகுப்புகளில் 15 பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்ற விகிதத்தைச் சொன்னது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் தமிழ்நாட்டில் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பத்துக்கான மருத்துவச் சான்றைத் தயார் செய்யுங்கள், பள்ளித் தேர்விலேயே பழக்குங்கள். சொல்லி எழுத வைப்பது தனித் திறமை, அது ஒரே நாளில் வராது. மொழி விலக்கை எடுத்த எடுப்பிலேயே கேட்காதீர்கள். முதல் இரண்டையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆறு வாரம் கழித்து

அதே ஆட்களோடு மறுபடி உட்காருங்கள். அவன் எழுதிய தாள்களைத் தேதி வரிசையில் கொண்டு வாருங்கள். போனில் எடுத்த சின்ன வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தின விழாவில் அன்பளிப்பு கொடுத்து எடுத்த படத்தைக் கொண்டுவர வேண்டாம், அதில் பிள்ளை கற்றதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டாவது பத்தியில் எழுதிய வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். இந்தப் பையன் விஷயத்தில் ஐந்து சொல் இடது கையால் வந்தது, வாய்மொழிப் பதிலில் வகுப்பாசிரியரே அவனுக்கு மேல் படிக் கேள்விகளைக் கொடுக்க ஆரம்பித்தார். நடந்த பிறகுதான் படிப்பு என்பதை அம்மா இன்னும் முழுதாக விடவில்லை. அந்த வரி அப்படியே அடுத்த தாளுக்குப் போனது.

திட்டத்தின் ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுங்கள், நம் துறைச் சொற்கள் இல்லாமல், அவரோ அவர் வீட்டில் ஒருவரோ படிக்கும்படி. இன்னொன்றை வகுப்பறை அலமாரியில் வையுங்கள். ஏப்ரலில் பள்ளி மூடுவதற்குள் அடுத்த வகுப்பு ஆசிரியரை அழைத்து, அவன் முன்னாலேயே அதைப் படித்துக் காட்டுங்கள். மேசையும் காலடிப் பலகையும் அடுத்த அறைக்கு மாறிவிட்டதா என்று ஜூனில் திறக்கும் நாளன்றே போய்ப் பாருங்கள்.